கலப்பு மணம் குற்றமாக இருந்த தென்னாப்பிரிக்காவில் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன?

#1 வெண்ணிலவன் (இழையைத் தொடங்கியவர்)
செவ்வாய், இரவு 9.10

நிறவெறி ஆட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் பேருந்து, கடற்கரை, பூங்கா பெஞ்சு, ஓட்டுரிமை என்று வெளியில் நடந்ததையே பேசுகிறோம். அதே சட்டம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று பேச ஓர் இழை வேண்டும் என நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாண்ட்ரா லேங்கிலிருந்து தொடங்குகிறேன். 1955இல் பிறந்தவர். பெற்றோர் கிழக்கு டிரான்ஸ்வாலில் பீட் ரெட்டீஃப் என்ற சிற்றூர்ப் பக்கம் கடை வைத்திருந்தார்கள். அப்பா ஆபிரகாம், அம்மா சானி, இருவருமே ஆப்பிரிகானர் வெள்ளையர்கள். தேசியக் கட்சிக்காரர்கள். அதாவது இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த கட்சியையே ஆதரித்தவர்கள். மகளுக்கு மட்டும் தோல் பழுப்பு, முடி சுருட்டை. பல தலைமுறைக்கு முன் எங்கோ கலந்தது இவளிடம் வெளியே வந்திருக்கிறது. வெள்ளையர் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். மற்ற பெற்றோர் புகார் செய்தார்கள். 1966இல், பத்து வயதுப் பெண்ணைப் போலீஸ்காரர்கள் பள்ளியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அரசு அவளை 'கலர்டு', அதாவது கலப்பினத்தவர் என்று மாற்றி எழுதிவிட்டது.

அப்பா விடவில்லை. வழக்குப் போட்டார். தன் பிள்ளைதான் என்று காட்ட ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டார். 1967இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் எந்த இனம் என்பதே கணக்கு என்றானது. சாண்ட்ரா காகிதத்தில் மறுபடியும் வெள்ளைக்காரி. ஊர் அவளை அப்படிப் பார்க்கவில்லை. பதினைந்து பதினாறு வயதில் பெட்ரஸ் ஸ்வானே என்ற கறுப்பின வியாபாரியோடு பக்கத்து நாடான ஸ்வாசிலாந்துக்குப் போய்விட்டார். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியதற்குச் சிறை. மகளுக்காக நீதிமன்றப் படி ஏறிய அதே அப்பா, அவரைக் கடைசி வரை வீட்டில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. காகிதத்தில் இவர் வெள்ளை. இவர் பெற்ற பிள்ளைகள் வெள்ளை இல்லை. சட்டப்படி தாயும் பிள்ளையும் ஒரு கூரையின் கீழ் இருக்க வழியில்லை. பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில், அப்பா போராடி வாங்கித் தந்த 'வெள்ளை'யைத் திருப்பிக் கொடுத்து, என்னைக் 'கலர்டு' என்று மாற்றுங்கள் என அவரே மனுப் போட்டார்.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் கலப்புத் திருமணத் தடைச் சட்டம். ஆனால் அது குறிவைத்தது திருமணத்தை அல்ல, பிள்ளைகளை என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


#2 மதுரை_செண்பகம்
செவ்வாய், இரவு 9.48

படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா. இரண்டு சந்தேகம். 1949க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை என்ன செய்தார்கள்? அப்புறம், எல்லாக் கலப்பு மணத்துக்கும் தடையா, வெள்ளையர் ஒருவர் இருந்தால் மட்டுமா? நம் ஆட்கள் நேட்டால் மாகாணத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்களே, அவர்கள் கதி என்ன?


#3 வக்கீல்_தம்பி
செவ்வாய், இரவு 11.05

செண்பகம் அக்கா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தடை வெள்ளையருக்கும் மற்ற எல்லோருக்கும் இடையில்தான். இந்தியர் ஒருவர் ஆப்பிரிக்கரையோ கலர்டு இனத்தவரையோ மணந்தால் இந்தச் சட்டம் கண்டுகொள்ளாது. கலப்பே கூடாது என்பது அவர்கள் கொள்கை அல்ல. வெள்ளை இனத்தைச் சுற்றி வேலி போடுவதுதான் கொள்கை.

1949க்கு முந்தைய திருமணங்களை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரே சட்டத்தைத் தனியாக வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நான்கு சட்டங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. கலப்பு மணத் தடை திருமணத்தைச் செல்லாததாக்கியது. தெரிந்தே நடத்திவைத்த பாதிரியாருக்கோ பதிவாளருக்கோ ஐம்பது பவுண்டு வரை அபராதம். வெளிநாடு போய்த் தாலி கட்டிக்கொண்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை: தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஆண் வெளியே செய்துகொண்ட அப்படிப்பட்ட திருமணம் உள்ளே செல்லாது.

கல்யாணமே வேண்டாம், சேர்ந்து மட்டும் வாழ்கிறோம் என்றால் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் பிடிக்கும். அது 1927இலேயே இருந்தது, வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் இடையில் மட்டும். 1950இல் இந்தியர், கலர்டு எல்லோரையும் உள்ளே இழுத்தார்கள். 1957இல் தண்டனையை ஏழு ஆண்டு வரை ஏற்றினார்கள்.

சரி, யார் வெள்ளை என்று எப்படி முடிவு செய்வது? அதற்குத்தான் 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம். பார்த்தால் எப்படித் தெரிகிறார், சுற்றியுள்ளவர்கள் அவரை யாராக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இவைதான் அளவுகோல். முடியில் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்த அதிகாரிகள் இருந்தார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் நடந்தது. ஆண்டுதோறும் எத்தனை பேர் எந்த இனத்திலிருந்து எந்த இனத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்.

நான்காவது, குடியிருப்புப் பகுதிச் சட்டம், அதுவும் 1950தான். ஏற்கெனவே செல்லுபடியாகும் திருமணம் வைத்திருந்தவர்களை இதுதான் நசுக்கியது. கணவன் ஓர் இனம், மனைவி வேறு இனம் என்றால் எந்தப் பகுதியில் வீடு எடுப்பது? வெள்ளையர் பகுதியில் முடியாது. வெள்ளைத் துணை, இன்னொருவரின் இனத்துக்கான பகுதிக்கு இறங்கிப் போக வேண்டும். திருமணத்தை அரசு கலைக்கவில்லை, குடியிருக்கும் இடத்தைக் கலைத்தது. கேப் டவுனில் எல்லா இனமும் கலந்து வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியதில் இப்படிப்பட்ட குடும்பங்களும் சிதறின.


#4 கரிகாலன்77
புதன், காலை 7.20

வெண்ணிலவன், பிள்ளைகள்தான் குறி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறி ஓட்டும் நிலமும். இந்தச் சட்டம் வரும்போது வெள்ளையர் செய்துகொண்ட கலப்புத் திருமணம் நாடு முழுவதும் ஆண்டுக்கு நூறுகூட இல்லை. அவ்வளவு சின்ன எண்ணிக்கைக்கு எதற்குச் சட்டம்? 1938 தேர்தலிலேயே கலப்பு மணத்தைக் காட்டி வெள்ளையர்களைப் பயமுறுத்திச் சுவரொட்டி அடித்தார்கள். 1948இல் தேசியக் கட்சித் தலைவர் மாலன் ஜெயித்ததும் முதல் வேலையாக அதைச் சட்டமாக்கினார். ஏழை வெள்ளையர்களைத் தங்கள் பக்கம் கட்டிவைக்க ஒரு பயம் தேவைப்பட்டது. குடும்பங்கள் நடுவில் அகப்பட்டுக்கொண்டன.

இன்னொன்று. நம்மவர்களுக்கு இது 1949இல் தொடங்கவில்லை. 1913இல் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யாத திருமணம் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். ஒரே நாளில் இந்து, முஸ்லிம் மனைவிகள் எல்லோருடைய நிலையும் கேள்விக்குறி ஆனது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போன போராட்டத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. பதினாறு வயதுப் பெண், 1914 பிப்ரவரியில் உயிரை விட்டாள்.


#5 வெண்ணிலவன்
புதன், காலை 8.02

வள்ளியம்மையை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் சேர்ல் தீர்ப்பு கலப்பு மணம் பற்றியது அல்ல, எந்தச் சடங்கை அரசு ஏற்கும் என்பது பற்றியது. 1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து அது ஓரளவு சரியானது. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. நூறு திருமணத்தைத் தடுக்க வேண்டியிருந்தால் பதிவு அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை போதும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட வேண்டியிருந்ததால்தான் பென்சில் வரை போனார்கள். இரண்டு பெட்டியிலும் சேராத குழந்தை ஒன்று கண்முன் நடமாடினால் பெட்டிகளே பொய் என்று ஆகிவிடும்.


#6 டர்பன்_மருமகள்
புதன், மாலை 6.40

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி டர்பன் வந்தவள். கணவர் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்தில் வந்த குடும்பம், இங்கேயே நான்கு தலைமுறை. பெயர்கள் சொல்லாமல் எழுதுகிறேன்.

என் மாமனாரின் அக்கா, வீட்டில் எல்லோருக்கும் அத்தை, 1950களில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரருடன் பழக்கம். கல்யாணம் செய்ய முடியாது. வக்கீல் தம்பி சொன்ன அந்த 1950 திருத்தத்துக்குப் பிறகு சேர்ந்து இருப்பதே குற்றம். அவர்கள் கண்டுபிடித்த வழி, அத்தை அவர் வீட்டு வேலைக்காரி என்று ஊருக்குச் சொல்வது. வெள்ளையர் வீடுகளில் பின்கட்டில் வேலைக்காரர்களுக்கு ஒரு தனி அறை இருக்கும். அங்கே அத்தைக்கு ஒரு கட்டில், விரித்த படுக்கை, கொடியில் இரண்டு சேலை, சன்னலில் சீப்பும் எண்ணெய் பாட்டிலும். யார் வந்து பார்த்தாலும் அங்கே ஒருத்தி குடியிருக்கிறாள் என்று தெரிய வேண்டும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் ஏப்ரன் தொங்கும். வாசலில் சத்தம் கேட்டால் முதலில் அதைக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பாராம். படுக்கையறையில் அத்தையுடைய பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஹேர்பின்கூட. வாரம் ஒருமுறை பின்கட்டுப் படுக்கையைக் கலைத்து, உறையைத் துவைத்துக் காயப்போடுவார். படுக்காத படுக்கை.

இரண்டு பிள்ளைகள். வேலைக்காரி தன் பிள்ளைகளை அந்த வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே இருவரும் பாட்டி வீட்டில் வளர்ந்தார்கள், முதலில் கேட்டோ மேனரில், அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிய பிறகு சாட்ஸ்வொர்த்தில். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்கும் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை அவர் காரில் வந்து தெருமுனையில் நிறுத்துவார். பிள்ளைகள் ஓடிப்போய் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்கள். அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பாட்டி சொல்லி வைத்திருந்தார். காருக்குள்ளேகூட அப்படித்தான். வெளியே வாய் தவறிவிடக் கூடாது என்று.

நான்கு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட அந்தக் குடும்பத்தில் கிடையாது.


#7 மதுரை_செண்பகம்
புதன், இரவு 8.15

அக்கா, அந்த 'படுக்காத படுக்கை'யைப் படித்ததும் அழுதுவிட்டேன். போலீஸ் உண்மையிலேயே வீட்டுக்குள் வந்து படுக்கையைப் பார்த்திருக்கிறார்களா?


#8 வக்கீல்_தம்பி
புதன், இரவு 9.30

பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவில் கதவை உடைப்பது, மரத்தில் ஏறி சன்னல் வழியாகப் பார்ப்பது, படுக்கையைத் தொட்டுச் சூடு பார்ப்பது, உறைகளைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போவது எல்லாம் நடந்தவை. 1950இலிருந்து சட்டம் நீங்கும் வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். நிரபராதி என்று விடுதலையானவர்களும் ஊரில் தலைகாட்ட முடியாமல் போனார்கள்.

வெண்ணிலவன் எழுப்பிய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வழக்கு ஒன்று இருக்கிறது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் எக்செல்சியர் என்ற விவசாயச் சிற்றூர். 1970இல் அங்கே ஐந்து வெள்ளைக்கார ஆண்கள் மீதும், பதினான்கு கறுப்பினப் பெண்கள் மீதும் ஒழுக்கக்கேட்டு வழக்குப் போட்டார்கள். அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியம் அந்தப் பெண்கள் பெற்ற வெளிர்நிறக் குழந்தைகள். வெள்ளையர்கள் ஜாமீனில் வீட்டுக்குப் போனார்கள். பெண்களில் பலர் கைக்குழந்தையோடு காவலில் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட ஆண் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். உலகப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கியதும் 1971 தொடக்கத்தில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எக்செல்சியரில் இருந்தது காதலும் குடும்பமும் என்று சொல்லிவிட முடியாது. பண்ணை முதலாளிக்கு அங்கே வேலை செய்யும் பெண் எப்படி 'முடியாது' என்று சொல்வாள்? டர்பன் அக்கா சொன்ன வீடும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் சட்டம் இரண்டையும் ஒரே பிரிவில் வைத்தது. வற்புறுத்தப்பட்டவளும் குற்றவாளி, விரும்பி வாழ்ந்தவளும் குற்றவாளி. எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் உள்ள கோபத்தில் பாதி இதற்காகத்தான்.


#9 பாரீஸ்_நாடோடி
வியாழன், காலை 5.50

நாட்டைவிட்டே போனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பிரிகான்ஸ் மொழிக் கவிஞர் பிரெய்ட்டன் பிரெய்ட்டன்பாக் பாரீஸில் வியட்நாமில் பிறந்த யோலாந்தைக் கல்யாணம் செய்துகொண்டார். சொந்த நாட்டில் அவருக்குப் பரிசு கிடைத்தபோது மனைவிக்கு விசா தரவில்லை, 'வெள்ளையரல்லாதவர்' என்று. 1973இல்தான் குறுகிய காலம் இருவரும் சேர்ந்து வர விட்டார்கள். வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளை, தாய்மொழியில் முதல் வரிசைக் கவிஞர், அவருக்கே அந்தக் கதி.

எல்லைக்கு வெளியேயும் இந்தச் சட்டத்தின் கை நீண்டது. பெச்சுவானாலாந்தின் (இன்றைய போட்ஸ்வானா) இளவரசர் செரெட்சே காமா 1948இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர் மக்கள் முதலில் முரண்டுபிடித்தாலும் 1949இல் ஊர்க்கூட்டம் கூடி அவரையே தலைவராக ஏற்றது. பக்கத்து நாட்டில் கலப்பு மணத்தைக் குற்றமாக்கியிருந்த மாலன் அரசுக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. தங்கத்துக்கும் யுரேனியத்துக்கும் தென்னாப்பிரிக்காவை நம்பியிருந்த பிரிட்டன், 1950இல் காமாவைப் பேச்சுவார்த்தைக்கு என்று லண்டனுக்குக் கூப்பிட்டு, திரும்பிப் போகத் தடை போட்டது. ரூத் அப்போது பெச்சுவானாலாந்தின் செரோவே ஊரில் கர்ப்பமாக இருந்தார். 1956இல் தலைவர் பட்டத்தைத் துறந்த பிறகுதான் இருவரும் ஊர் திரும்ப முடிந்தது. பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைநகர் மாஃபெக்கிங்கோ தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருந்தது. அதைக் காட்டியே, அங்கே நுழையத் தடையுள்ள ஒருவர் எப்படித் தலைவராக இருப்பார் என்று பிரிட்டனின் விசாரணைக் குழு எழுதியது. 1966இல் நாடு விடுதலை ஆனபோது முதல் ஜனாதிபதி அவர்தான்.


#10 கரிகாலன்77
வியாழன், காலை 9.15

அமெரிக்காவில் வெள்ளைக்காரக் கணவனும் கறுப்பின மனைவியுமான லவ்விங் தம்பதி இதே நிலையில்தான் இருந்தார்கள். 1958இல் வாஷிங்டனில் கல்யாணம், வர்ஜீனியாவில் நள்ளிரவில் படுக்கையறையில் கைது, இருபத்தைந்து ஆண்டு மாநிலத்துக்குள் சேர்ந்து வரக் கூடாது என்ற நிபந்தனை. ஆனால் 1967இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏன் ஒரு வழக்கும் அப்படி எழவில்லை?


#11 வக்கீல்_தம்பி
வியாழன், காலை 10.40

அங்கே நாடாளுமன்றம் இயற்றியதை 'அடிப்படை உரிமைக்கு எதிரானது' என்று ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. உரிமைப் பட்டியலே கிடையாது. ஆபிரகாம் லேங் வழக்கைப் பாருங்கள்: 'இனம் பிரிப்பது தவறு' என்று அவர் வாதாடவில்லை, வாதாடவும் முடியாது. 'என் மகளைத் தவறான இனத்தில் போட்டுவிட்டீர்கள்' என்று மட்டுமே சொல்ல முடிந்தது. சட்டத்துக்குள் நின்று வேறு பெட்டி கேட்கலாம், பெட்டியை உடைக்கச் சொல்ல முடியாது.

கடைசியில் 1985இல் பி. டபிள்யூ. போத்தா அரசே கலப்பு மணத் தடையையும் ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தின் இனப் பிரிவையும் நீக்கியது. ஆனால் மக்கள்தொகைப் பதிவும் குடியிருப்புப் பகுதிச் சட்டமும் 1991 வரை இருந்தன. ஆறு ஆண்டுகள் கல்யாணம் செய்யலாம், எங்கே குடியிருப்பது என்று மட்டும் பதில் இல்லை.


#12 மதுரை_செண்பகம்
வியாழன், பகல் 1.05

நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவா பிறந்தது 1984 பிப்ரவரி. சட்டம் நீங்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. அம்மா ஷோசா இனம், அப்பா சுவிஸ்காரர். சின்ன வயதில் சொவெட்டோ என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பில் பாட்டி தன்னை வெளியே விளையாட விடமாட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறார். இது ஏதோ பழங்காலக் கதை இல்லை. என் வயதுக்காரர்.

அக்கா, உங்கள் அத்தை குடும்பம் 1985க்குப் பிறகு என்ன ஆனது?


#13 டர்பன்_மருமகள்
வியாழன், இரவு 8.20

அந்தப் பெரியவர் 1985 வரை இருக்கவில்லை செண்பகம். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. அவர் தம்பி வந்து வீட்டைப் பூட்டினார். சட்டப்படி அத்தை வேலைக்காரி, அந்த மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்தார்களாம். இறுதிச் சடங்கில் பின்வரிசையில் நின்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போகவில்லை. முகச்சாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று.

சட்டம் நீங்கியபோது வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லையாம். அத்தை செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனார் என்று மாமனார் சொல்வார்.

அத்தை இப்போது இல்லை. மகன் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். பழைய அடையாள எண்ணில் இனத்தைக் குறிக்கும் இலக்கம் இருக்கும். 1986க்குப் பிறகு அதை நீக்கிப் புது எண் கொடுத்தார்கள். இலக்கம் போய்விட்டது, அப்பா பெயர் மட்டும் இன்னும் வரவில்லை என்று அவர் சொல்வார். பிறப்புப் பதிவில் அப்பா பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. உள்ளூர் அலுவலகத்தில் கேட்டதற்கு, அப்பாவையே கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வக்கீல் தம்பி, இதற்கு வழி உண்டா?


#14 வக்கீல்_தம்பி
வியாழன், இரவு 10.10

அக்கா, நான் அந்த நாட்டு வழக்கறிஞன் இல்லை. ஆகவே இதை அங்குள்ள ஒருவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தந்தை உயிரோடு இல்லாதபோது அலுவலகத்தில் படிவம் கொடுத்து முடியாது. இவர்தான் தந்தை என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு போனால்தான் பதிவைத் திருத்துவார்கள். அதற்குச் சான்று வேண்டும். அவர் கைப்பட எழுதிய கடிதம், பள்ளிக் கட்டணம் கட்டிய ரசீது, மணியார்டர் அடிச்சீட்டு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அவர் இறந்த பிறகு சொத்துக் கோப்பு ஒன்று தொடங்கியிருப்பார்கள். நேட்டால் கோப்புகள் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தேட வேண்டும். வெள்ளைக்காரத் தம்பியின் பிள்ளைகள் யாராவது மரபணுச் சோதனைக்குச் சம்மதிப்பார்களா?


#15 டர்பன்_மருமகள்
வெள்ளி, காலை 6.30

தம்பியின் மகள் ஒருவர் பைன்டவுனில் இருப்பது தெரியும். இதுவரை இரண்டு குடும்பமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதம் கட்டாயம் இருக்கிறது, அத்தையின் தையல் பெட்டியில் பார்த்திருக்கிறேன், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு பிள்ளைகள் இருவர் பெயரையும் எழுதி, கீழே 'டாட்' என்று கையெழுத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறோம். பைன்டவுன் பெண்ணுக்கு யார் முதலில் ஃபோன் செய்வது என்று அவரிடமே கேட்டு முடிவு செய்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.